அத்தியாயம் 7: தட்டு காலியானாலும் அடங்காத பசி

தெருவிலிருந்து மீட்டு வந்த பூனை முதல் சில நாட்கள் கட்டிலுக்கு அடியிலேயே பதுங்கிக் கிடக்கும். பயம் தெளிந்ததும் அதன் இன்னொரு முகம் தெரியவரும். தட்டைக் கீழே வைப்பதற்குள் காலைச் சுற்றிக் கத்தும், மெல்லாமல் விழுங்கும், தின்று முடித்த கையோடு அடுத்த தட்டுக்கு வந்து நிற்கும். குப்பைத்தொட்டியைக் கவிழ்க்கும். மீன் வாங்கி வந்த பிளாஸ்டிக் கவரை நக்கத் தொடங்கிக் கவரையே கடித்து விழுங்கும். பருப்புச் சாதம், சப்பாத்தி, பிஸ்கட், தரையில் சிந்திய மிக்சர் என்று மற்ற பூனைகள் முகர்ந்துவிட்டுப் போகிற எதுவும் அதற்கு உணவுதான்.

இந்தப் பசிக்குக் காரணங்கள் மூன்று: உடம்பில் இருக்கும் கோளாறு, போதாத அல்லது பொருந்தாத உணவு, அடுத்த வேளைச் சோறு வருமா என்ற அச்சம். முதலாவதை மருத்துவர் கண்டுபிடிப்பார். இரண்டாவதைத் தராசு தீர்க்கும். மூன்றாவதுக்கு அளவைக் கூட்டிக்கொண்டே போவதால் பயனில்லை. குறித்த நேரத்தில் தவறாமல் தட்டு வருவதைப் பூனை நாள்தோறும் பார்த்தால்தான் அது தணியும். இந்த அத்தியாயமும் அதே வரிசையில்தான் போகிறது. வரிசையை மாற்றிச் செய்ய வேண்டாம். புழுவோடு இருக்கும் பூனைக்கு ஒழுங்கு கற்பிக்க முடியாது.

1. முதலில் மருத்துவரிடம்

பசிக்கு மருந்து கேட்டுப் போகும்போது, பூனையோடு இரண்டு குறிப்புகளையும் எடுத்துச் செல்லுங்கள்: ஒரு நாளில் அது தின்ற மொத்த அளவு, மலம் எப்படி இருக்கிறது என்பது. முடிந்தால் சிறு டப்பாவில் புதிய மலத்தையும் கொண்டு போகலாம். மருத்துவருடன் பேசி உறுதிசெய்ய வேண்டியவை இவை:

* குடற்புழு. தெருப்பூனைகளில் உருளைப்புழு, கொக்கிப்புழு, நாடாப்புழு மூன்றும் சாதாரணம். வயிறு மட்டும் உப்பி, முதுகெலும்பு துருத்தி நிற்கும் குட்டிகளில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். ஆசனவாயைச் சுற்றியோ படுக்கும் துணியிலோ அரிசிமணி அளவில் வெண்ணிறத் துண்டுகள் தெரிந்தால் அது நாடாப்புழு. தெள்ளுப்பூச்சியை விழுங்குவதால்தான் அது பெரும்பாலும் தொற்றுகிறது. எனவே புழுமருந்தோடு தெள்ளுக்கும் மருந்து போடாவிட்டால் திரும்ப வந்துவிடும். ஒரு வேளை மருந்தோடு முடிந்தது என்று விடாமல், மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மறுமுறையும் கொடுங்கள்.

* சினை. பெட்டைப் பூனை ஓயாமல் தின்று வயிறும் பெருத்துவந்தால், அது சினையாக இருக்கலாம். பூனையின் சினைக்காலம் ஏறக்குறைய ஒன்பது வாரம். சினைப்பூனைக்கும் பாலூட்டும் பூனைக்கும் வளரும் குட்டிக்கும் உணவைக் குறைக்கவே கூடாது. இந்த அத்தியாயத்தின் அளவுக் கட்டுப்பாடுகள் மற்ற வளர்ந்த பூனைகளுக்கு மட்டும்.

* தைராய்டு, நீரிழிவு. நிறையத் தின்றும் இளைத்துக்கொண்டே போனால் இரத்தப் பரிசோதனை அவசியம். பத்து வயதை நெருங்கிய அல்லது கடந்த பூனை என்றால் தைராய்டு மிகைச் சுரப்பை முதலில் பார்ப்பார்கள். அடிக்கடி தண்ணீர் குடித்து, மண்பெட்டியை வழக்கத்தைவிட அதிகம் நனைத்தால் நீரிழிவைச் சந்தேகிப்பார்கள். தெருப்பூனையின் வயது யாருக்கும் தெரியாது என்பதால் பற்களைப் பார்த்து ஏறக்குறைய வயதை மதிப்பிடச் சொல்லிக் கேளுங்கள்.

* மருந்தால் வரும் பசி. தோல் அரிப்புக்கோ ஒவ்வாமைக்கோ ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டிருந்தால் பசி எகிறும். மருந்தை நீங்களாக நிறுத்தக் கூடாது. எத்தனை நாள் தொடரும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

* கருத்தடை. அறுவைக்குப் பின் உடம்புக்குத் தேவைப்படும் ஆற்றல் ஏறக்குறைய கால் பங்கு குறைகிறது, பசியோ கூடுகிறது. கருத்தடையைத் தவிர்க்க இது காரணமாகாது. அறுவை முடிந்த வாரத்திலிருந்தே தட்டை அளந்து வைக்க இது காரணம்.

2. பட்டினியில் வந்த பூனைக்கு முதல் வாரம்

எலும்பும் தோலுமாக வந்த பூனைக்கு வயிறு நிறையப் போடத்தான் கை நீளும். அந்த ஒரு வாரம் கையைக் கட்டிப்போட வேண்டும். நாட்கணக்கில் உணவில்லாமல் கிடந்த உடம்பில் திடீரென்று நிறைய உணவு சேர்ந்தால் இன்சுலின் பெருகும். இரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சடுதியில் உயிரணுக்களுக்குள் போய்விடும். இரத்தத்தில் அவற்றின் அளவு விழுந்தால் தசைத் தளர்ச்சி, வலிப்பு, உயிராபத்து வரை போகலாம். உணவு தொடங்கிய முதல் சில நாட்களில்தான் இது நேரும்.

ஆகவே முதல் நாள் தேவையில் கால் பங்கு. அதையும் ஐந்தாறு சிறு வேளைகளாகப் பிரித்து. பிறகு நாளுக்கு நாள் ஏற்றி, நான்கைந்து நாட்களில் முழு அளவுக்கு வரலாம். மிகவும் மெலிந்த பூனையாக இருந்தால் இதை மருத்துவரின் கண்காணிப்பில் செய்வதே சரி. தண்ணீரை மட்டும் எந்நேரமும் வையுங்கள். பால் வேண்டாம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் செரிக்காது. வயிற்றுப்போக்கு வந்தால் தின்றதும் வீணாகும், பசியும் கூடும்.

3. எவ்வளவு போடுவது?

கணக்கு எளிது. கருத்தடை செய்து வீட்டுக்குள்ளேயே வாழும் 4 கிலோ பூனைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 200 முதல் 240 கலோரி போதும். கடைகளில் கிடைக்கும் உலர் உணவில் 100 கிராமுக்கு 350 முதல் 400 கலோரி இருக்கும். ஈர உணவில் 70 முதல் 100. உங்கள் பாக்கெட்டில் எவ்வளவு என்று பின்பக்கத்தில் பாருங்கள். ஒவ்வொரு வகைக்கும் மாறும்.

220 கலோரியை இலக்காக வைத்தால் இரண்டு வழிகள்:

* உலர் உணவு மட்டும்: சுமார் 60 கிராம்.
* 85 கிராம் ஈர உணவு பவுச் ஒன்றும், சுமார் 40 கிராம் உலர் உணவும்.

பெருந்தீனிப் பூனைக்கு இரண்டாவது வழியே நல்லது. ஈர உணவில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அதே கலோரிக்குத் தட்டும் நிறையும், வயிறும் நிறையும். புதிய உணவுக்கு மாறும்போது ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை பழையதோடு கலந்து கலந்து மாற்றுங்கள்.

கோப்பையாலோ கைப்பிடியாலோ அளக்காதீர்கள். ஒரு பிடிக்கும் மறுபிடிக்கும் பத்து கிராம் மாறினால், இந்தச் சிறிய உடம்புக்கு அது நாள் தேவையில் ஆறில் ஒரு பங்கு. ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு வாங்கிவிடுங்கள். காலையிலேயே அன்றைக்கான உலர் உணவு முழுவதையும் எடைபோட்டு ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். டப்பா காலியானால் அன்றைய பங்கு முடிந்தது.

சோறும் மீனும் பிசைந்து வைக்கும் வீடுகள் நம்மிடம் நிறைய. அதில் சோறே பெரும்பங்காக இருந்தால் வயிறு நிறையும், தேவை நிறையாது. பூனை கட்டாய ஊனுண்ணி. டாரின் என்ற சத்தை அது தன் உடம்பில் போதிய அளவு உற்பத்தி செய்ய முடியாது. இறைச்சி, மீனிலிருந்துதான் பெற வேண்டும். டாரின் குறைந்தால் பூனையின் இதயத் தசை நலிந்துபோகும் என்பதை 1987இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நிறுவினார்கள்; கண்ணின் விழித்திரையும் கெடும். வேகவைக்கும்போது டாரின் தண்ணீரில் கரைந்து இறங்கும் என்பதால், கோழியோ மீனோ அவித்தால் அந்தத் தண்ணீரையும் தட்டில் ஊற்றுங்கள். உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு கூடவே கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். குழம்பிலிருந்து எடுத்துக் கழுவிய மீன் துண்டும் இதில் அடக்கம். வீட்டுச் சமையலை மட்டுமே நம்பிப் பூனையை வளர்ப்பதாக இருந்தால், மருத்துவரிடம் கேட்டுச் சத்துச் சேர்க்கையோடு செய்யுங்கள்.

4. எப்போது போடுவது?

அச்சத்தால் வரும் பசியைக் கையாளும் இடம் இது. இயற்கையில் பூனை எலி, பல்லி, சிறு பறவை என்று ஒரு நாளில் பல முறை கொஞ்சம் கொஞ்சமாக வேட்டையாடித் தின்னும் விலங்கு. ஒரு சுண்டெலியில் ஏறக்குறைய 30 கலோரிதான் கிடைக்கும். காலை ஒரு தட்டு, இரவு ஒரு தட்டு என்ற ஏற்பாடு மனித வசதிக்கு ஏற்பட்டது. அந்த நீண்ட இடைவெளியைத்தான் தெருவில் வாடிய பூனை பட்டினியின் தொடக்கமாக எடுத்துக்கொள்கிறது.

அதே 220 கலோரியை ஐந்து வேளையாகப் பிரிப்பதற்கு ஒரு மாதிரி:

* காலை 7 மணி: உலர் உணவு 10 கிராம்
* நண்பகல் 12 மணி: பவுச்சில் பாதி
* மாலை 5 மணி: உலர் உணவு 10 கிராம், புதிர்த்தட்டில் (5ஆம் பகுதியில் பார்க்க)
* இரவு 8 மணி: பவுச்சில் மீதிப் பாதி
* இரவு 10.30 மணி: விளையாட்டு முடிந்தபின் உலர் உணவு 15 கிராம்
* மீதி 5 கிராம்: செல்ல டப்பாவுக்கு. இதைப் பற்றிப் பின்னால்.

பகலில் ஆள் இல்லாத வீட்டில் நண்பகல் வேளையை நேரம் குறித்துத் திறக்கும் தானியங்கித் தட்டு பார்த்துக்கொள்ளும். அதில் உலர் உணவு மட்டும் வையுங்கள்; நண்பகலுக்கான பாதிப் பவுச்சைக் காலை வேளைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நம் ஊர் வெயிலில் ஈர உணவு சீக்கிரம் கெடும். ஒரு மணி நேரத்துக்குள் தின்னாததை எடுத்துவிடுங்கள். குளிர்பெட்டியில் வைத்த பாதிப் பவுச்சை வெந்நீரில் சற்றுநேரம் வைத்து வெதுவெதுப்பாக்கிக் கொடுங்கள். எறும்பு வராமலிருக்க, தட்டைத் தண்ணீர் ஊற்றிய ஒரு தாம்பாளத்தின் நடுவே வைப்பது பழைய உத்தி. இன்றும் அதற்கு ஈடில்லை.

நேரம் ஐந்து நிமிடம் முன்பின்னாகலாம். வேளை தவறக் கூடாது. இடமும் மாறக் கூடாது. மூலையில் முகம் புதைத்துத் தின்ன வேண்டியிராமல், தின்னும்போது வாசல் கண்ணில் படும் இடமாக அமையட்டும். தட்டு வைக்குமுன் ஒரே ஓசையை எழுப்புங்கள்: டம்ளரில் கரண்டியால் இரண்டு தட்டு போதும். ஓசை கேட்டால் உணவு, கேட்காவிட்டால் இல்லை என்பது தெளிவானால், உங்கள் ஒவ்வோர் அசைவையும் நம்பி ஓடிவர வேண்டிய அவசியம் பூனைக்குக் குறையும்.

இரவின் கடைசி வேளைக்கு முன் பத்துப் பதினைந்து நிமிடம் விளையாட்டுக் காட்டுங்கள். குச்சி நுனியில் துணித்துண்டு கட்டி இழுத்தால் போதும். துரத்து, பிடி, தின், நக்கிச் சுத்தம் செய், தூங்கு என்பது பூனையின் இயல்பான வரிசை. விளையாட்டில் தொடங்கினால் அது தூக்கத்தில் போய் முடியும்.

5. விழுங்கும் வேகத்தைக் குறைக்க

தின்ற சில நிமிடங்களில் மென்ற அடையாளமே இல்லாமல் உணவு அப்படியே வெளியே வந்தால், காரணம் பெரும்பாலும் வேகம். அடிக்கடி நடந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். மற்றபடி நம் வீட்டுச் சாமான்களே புதிர்த்தட்டாக உதவும்.

* இட்லித் தட்டு. ஒதுக்கிப்போட்ட பழைய தட்டு ஒன்றின் ஒவ்வொரு குழியிலும் நான்கைந்து மணி உலர் உணவு போடுங்கள். ஒரே வாயில் அள்ள முடியாது. குழி குழியாகப் போக வேண்டும்.
* பல்லாங்குழி. குழிகள் ஆழமானவை என்பதால் பாதத்தால் துழாவி எடுக்க வேண்டியிருக்கும். மரப் பலகையில் எண்ணெய்ப் பிசுக்கு ஊறிவிடும். கழுவத் தோதான பிளாஸ்டிக் பலகை நல்லது.
* பரந்த தாம்பாளம். ஈர உணவை மெல்லிய படலமாகத் தடவி வைத்தால் நக்கித்தான் தின்ன முடியும்.
* துளையிட்ட பாட்டில். சிறிய தண்ணீர் பாட்டிலில் உணவு மணி நுழையும் அளவுக்குத் துளைகள் போட்டு, விளிம்புகளைத் தேய்த்து மழுக்கி, உள்ளே உணவிட்டு உருட்டிவிடுங்கள்.

முதல் முறையே கடினமான புதிரைக் கொடுத்தால் அச்சம் கூடும். முதலில் பாதி உணவு தட்டில், பாதி புதிரில். தட்டில் இருப்பது நிச்சயம் என்று தெரிந்தபின்தான் பூனை புதிரோடு விளையாடும்.

6. கத்தலும் உறுமலும் திருட்டும்

வேளைக்கு இடையில் பூனை கத்தும்போது ஒரு மணியும் போடாதீர்கள். பத்து நிமிடம் பொறுத்துப் பதினோராவது நிமிடம் கொடுத்தால், பதினோரு நிமிடம் கத்த வேண்டும் என்றுதான் அது கற்றுக்கொள்ளும். பலன் இல்லாதபோது கத்தல் சில நாட்கள் இன்னும் உரக்க எழுந்து, பிறகுதான் ஓயும். அந்த நாட்களை வீட்டார் அனைவரும் சேர்ந்தே கடக்க வேண்டும்.

விடியற்காலை நான்கு மணிக்கு எழுப்பும் பூனைக்கு: நீங்கள் எழுந்ததும் முதல் வேலையாக உணவு போடுவதை நிறுத்துங்கள். பல் துலக்கி, காபி குடித்தபின் போடுங்கள். உங்கள் விழிப்புக்கும் அதன் தட்டுக்கும் உள்ள முடிச்சு அவிழும். அப்படியும் தீராவிட்டால் இரவுப் பங்கில் 5 கிராமைத் தானியங்கித் தட்டில் வைத்து ஐந்து மணிக்குத் திறக்கவிடுங்கள். பூனை இயந்திரத்தின் முன் காத்திருக்கும். உங்கள் முகத்தின் மேல் ஏறாது.

தின்னும்போது உறுமும் பூனையின் தட்டில் கை வைத்துச் சோதிக்காதீர்கள். பாதியில் எடுக்கவும் கூடாது. தட்டைக் கடந்து போகும்போது தள்ளி நின்றே ஒரு சிறு கோழித்துண்டைப் போட்டுவிட்டுப் போய்விடுங்கள். ஆள் வந்தால் உணவு கூடும் என்ற பாடம் சில வாரங்களில் பதியும். அடித்தலும் தண்ணீர் தெளித்தலும் அச்சத்தை வளர்க்கும். இந்தப் பசியின் வேரே அச்சம்தான்.

இத்தகைய தீவிரப் பசியைப் பயிற்சியால் திருத்த முடியும் என்பதற்குப் பதிவான சான்றும் உண்டு. 2012இல் இத்தாலிய ஆய்வாளர்கள் எட்டு மாத சயாமீஸ் பூனை ஒன்றைப் பற்றி எழுதினார்கள். அளவற்ற பசி, உணவுக்காகச் சீறுவது, உணவல்லாததையும் தின்பது என எல்லாம் அதற்கு இருந்தன. உடலில் அதற்கான நோய் தென்படவில்லை. தட்டருகே ஆள் நிற்பதைப் படிப்படியாகப் பழக்கியும், கெஞ்சலைப் பொருட்படுத்தாமல் விட்டும் ஐந்து மாதங்களில் அதை வழக்கமான உணவுமுறைக்குக் கொண்டுவந்தார்கள். எனவே கணக்கை மாதங்களில் வையுங்கள்.

திருட்டுக்கு மருந்து வாய்ப்பை அடைப்பதுதான். மூடியுள்ள குப்பைத்தொட்டி, அடுப்படியில் திறந்து கிடக்காத பாத்திரம். குறிப்பாக மூன்றை உடனே அப்புறப்படுத்துங்கள்: மீனோ கோழியோ வாங்கிய கவர், வெந்த கோழி எலும்பு, பூ கட்டும் நூல். விழுங்கிய நூல் குடலைச் சுருக்கி அறுத்துவிடும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்காமல் அப்படியே மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

7. வீட்டாரை வழிக்குக் கொண்டுவருதல்

பூனையைவிடக் கடினமான பகுதி இது. “பாவம், வாயில்லா ஜீவன், இன்னும் கொஞ்சம் வெச்சாத்தான் என்ன?” என்று பாட்டி ஒரு கை போடுவார். பள்ளி விட்டு வந்த பிள்ளை ஒரு கை. வேலைக்கு வரும் அக்கா தன் பங்குக்கு நெத்திலி கொண்டு வருவார். யாரும் அதிகம் போடவில்லை. பூனை மட்டும் இருமடங்கு தின்றிருக்கும்.

தடை போட்டால் ஒளித்துப் போடுவார்கள். அதற்குத்தான் செல்ல டப்பா. அன்றைய பங்கிலிருந்து எடுத்த 5 கிராம் அதில் இருக்கும். யார் வேண்டுமானாலும் அதிலிருந்து கொடுக்கலாம், தீர்ந்தால் தீர்ந்ததுதான். கோழித்துண்டு கொடுக்க ஆசை என்றால் டப்பாவுக்குப் பதிலாக அன்று சுமார் 12 கிராம் அவித்த கோழி. இப்படிக் கொடுப்பது மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. குளிர்பெட்டிக் கதவில் வேளை அட்டவணையை ஒட்டி, போட்டவர் குறியிடட்டும். பாட்டியிடம் இரவு எட்டு மணித் தட்டை முழுப் பொறுப்பாகவே ஒப்படைத்துவிடுங்கள். கொடுக்கும் மகிழ்ச்சி அவருக்குக் கிடைக்கும், கணக்கும் கெடாது.

வீட்டில் வேறு பூனைகள் இருந்தால் தனித்தனி அறையில், கதவைச் சாத்தி உணவு வையுங்கள்; பதினைந்து நிமிடத்தில் எல்லாத் தட்டுகளையும் எடுத்துவிடுங்கள். பக்கத்தில் இன்னொரு வாய் இருக்கும்வரை வேகம் குறையாது.

8. எடை ஏறிவிட்டால்

வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், காலை உணவுக்கு முன் எடை பாருங்கள். பயணப்பெட்டி நிறுக்கும் கொக்கித் தராசில் பூனைக்கூடையைத் தொங்கவிட்டு, கூடையின் எடையைக் கழித்தால் போதும். விலாவைத் தடவினால் எலும்புகள் மெல்லிய சதைக்கு அடியில் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு சற்று ஒடுங்கியிருக்க வேண்டும். மருத்துவர்களின் ஒன்பது படி உடல்நிலை அளவையில் இது ஐந்தாம் படி.

இளைக்க வைப்பது நிதானமான வேலை. 4.5 கிலோ இருக்க வேண்டிய பூனை 5.5 கிலோ ஆகிவிட்டால், நாளுக்குச் சுமார் 175 கலோரியில் தொடங்கி, வாரத்துக்கு ஒரு சதவீதம், அதாவது 50 கிராம் அளவில் இறங்கினால் போதும். நான்கைந்து மாதமாகும். பட்டினி போட்டு இளைக்க வைக்கவே கூடாது. கொழுத்த பூனை இரண்டு, மூன்று நாள் தின்னாமல் இருந்தால் உடல் கொழுப்பு வெள்ளமாகக் கல்லீரலில் போய்ப் படிந்து, மஞ்சள் காமாலையும் உயிராபத்தும் வரும். பெருந்தீனிப் பூனை ஒரு முழு நாள் தட்டைத் தொடவில்லை என்றாலே மருத்துவரை அழையுங்கள்.

9. எப்போது தளர்த்தலாம்?

முன்னேற்றத்தை மூன்று அடையாளங்கள் காட்டும்: டம்ளர் ஓசைக்கு முன் கத்துவது குறையும், தட்டை முடிக்க எடுத்துக்கொள்ளும் நேரம் நீளும், ஒருநாள் தட்டில் சில மணிகள் மிஞ்சும். மூன்றும் தொடர்ந்து ஒரு மாதம் தெரிந்தால் ஐந்து வேளையை நான்காக்கலாம். அடுத்த மாதமும் அப்படியே போனால் மூன்றாக்கலாம். அளவைப் பிரித்துச் சேர்ப்பதே தளர்வு. மொத்த கிராம் மாறாது.

வீடு மாறினாலோ, விருந்தினர் வந்து தங்கினாலோ, புதுப் பூனை வந்தாலோ பழைய பசி திரும்பலாம். அப்போது தயங்காமல் ஐந்து வேளைக்கே திரும்புங்கள். அளவு மாறாமலும் இடம் மாறாமலும் ஓசை மாறாமலும் இருந்தால், இரண்டாம் முறை தேறுவதற்கு முதல் முறை அளவுக்கு நாளாகாது. ஊருக்குப் போகும்போது பூனையைப் பார்த்துக்கொள்பவரிடம் சாவியோடு தராசையும் அட்டவணையையும் கொடுத்துவிட்டுப் போங்கள்.